கேட்டவர் எத்தனை பேர்?

திருகோணமலைத் துறைமுகத்திலே பிரித்தானியக் கப்பற்படை நங்கூரமிட்டுக் கிடந்த காலத்தில், ஒரு செய்தியைப் பல கப்பல்களுக்கு ஒரே வேளையில் அறிவிப்பதற்கு எளிய வழியொன்று வழக்கில் இருந்தது. தளபதியின் கப்பலிலுள்ள கொடிமரத்தில் வண்ணக் கொடிகளின் வரிசையொன்று ஏறும். ஏறுவது ஒரு வரிசை. பார்ப்பவையோ பத்தோ இருபதோ கப்பல்கள். கப்பலுக்கு ஒரு படகு, படகுக்கு ஒரு கடிதம் என்று அலைய வேண்டியதில்லை. சிக்கனமான முறைதான். ஆயின், கொடியை ஏற்றியவன் அதனோடு தன் கடமை தீர்ந்தது என்று போய்விடுவதில்லை. ஒவ்வொரு கப்பலிலும் விடைக்கொடி என்று ஒன்று உண்டு. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் நீண்ட கொடி அது. தளபதியின் கொடிவரிசையைக் கண்ட கப்பல், தன் விடைக்கொடியைக் கயிற்றின் பாதி உயரத்துக்கு ஏற்றும். 'உமது கொடி தெரிகின்றது' என்பதே அதன் பொருள். பின்னர்க் குறியீட்டு நூலைப் புரட்டிப் பொருளை உணர்ந்துகொண்ட பிறகே அது உச்சிக்கு ஏறும். 'விளங்கிற்று' என்பது அதன் பொருள். தளபதியின் கப்பலிலுள்ள சைகையாளன் துறைமுகம் முழுவதும் கண்ணோட்டி, எந்தக் கப்பலில் விடைக்கொடி உச்சியில் நிற்கின்றது, எதிற் பாதியில் நிற்கின்றது, எதில் ஏறவே இல்லை என்று கணக்கெடுப்பான். எல்லாம் உச்சிக்கு ஏறிய பின்னரே முதற்கொடி இறங்கும்.

தெரிதல் வேறு, விளங்குதல் வேறு என்று அந்த மாலுமிகள் கயிற்றின் உயரத்தாலேயே பிரித்து வைத்திருந்தமை கவனிக்கத்தக்கது.

யுத்தகாலத்தில் இம்முறை போதாதாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. 1944இற் பிரித்தானியரின் கீழைக் கப்பற்படை இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு மீண்டும் இயங்கியது. நடுக்கடலிற் செல்லும் கப்பலுக்குக் கொடி தெரியாது. கம்பியில்லாத் தந்தியே துணை. அத்தந்தியிலே கப்பல் விடை கூறினால், அவ்விடை வரும் திசையைக் கொண்டே பகைவன் அதன் இருப்பிடத்தை அறிந்துவிடுவான். ஆகவே கரையிலுள்ள நிலையம் எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவாகச் செய்திகளை ஒலிபரப்பும். கப்பல்கள் வாய் திறவாமற் கேட்டுக் குறித்துக்கொள்ளும். வாய் திறவாத கப்பலுக்குச் செய்தி கிடைத்ததா என்று அறிவது எங்ஙனம்? ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இட்டார்கள். 41, 42, 44 என்று எழுதியிருக்கும் ஏட்டைப் பார்த்தவுடன், 43 தவறிவிட்டது என்று கேட்பவனே அறிந்துகொள்வான். வாய்ப்பு வரும்போது அதனைக் கேட்டுப் பெறுவான். நுட்பமான ஏற்பாடு. எனினும் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. இறுதியில் வந்த செய்தியே தவறிவிட்டால், அதற்குப் பின்னால் எண் எதுவும் வராதவரையில், தவறியது என்பதே தெரியாது. நிலையம் ஓய்ந்திருக்கின்றதா, தன் காதுதான் அடைத்துவிட்டதா என்று மாலுமிக்கு வேற்றுமை புலப்படாது.

இன்று உலகெங்கும் பரந்துள்ள கணினி வலையமைப்புகளைப் பராமரிப்போருக்கும் இதே கவலை இருக்கின்றது. அவர்களுடைய தொழிலில் 'மல்ரிகாஸ்ற்' என்று வழங்கும் முறையைத் தமிழிற் குழுப்பரப்பு எனலாம். வானொலி ஒலிபரப்பிலிருந்து அது சற்றே வேறுபட்டது. வானொலி அலை கேட்பவர் வீட்டிற்கும் கேளாதவர் வீட்டிற்கும் ஒருங்கே செல்கின்றது. கணினி வலையமைப்பிலோ கம்பிகளுக்கு அளவான கொள்ளளவே உண்டு. கேளாதவர் வீட்டுக்கெல்லாம் அனுப்பினால் வழி அடைபட்டுவிடும். மறுபுறம், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்புவதும் கட்டாது. கொழும்பில் ஒரு பேராசிரியர் நிகழ்த்தும் விரிவுரையைத் திருகோணமலையில் 300 மாணவர் தத்தம் கணினியிற் கேட்கின்றனர் என்று கொள்வோம். தனித்தனி அனுப்பினால் ஒரே சொல் 300 முறை கொழும்பிலிருந்து புறப்பட்டு, ஹபறணை தாண்டி, கந்தளாய் தாண்டி, ஒரே கம்பிவழியாக ஓடிவர வேண்டும். குழுப்பரப்பில் அச்சொல் ஒருமுறையே புறப்படும். பாதை பிரியும் இடத்தில் மாத்திரம் அது இரண்டாகும். கேட்பவர் இல்லாத கிளைக்குள் நுழையாது.

இதற்கான ஒழுங்கை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்ரீவன் டியரிங். அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆராய்ச்சியின் பயனாக, 1989 ஆகஸ்ற் மாதத்தில் அதற்கான விதிமுறை வெளியாயிற்று. அதன்படி 224இல் தொடங்கி 239 ஈறாகவுள்ள முகவரிகள் எந்த ஒரு கணினிக்கும் உரியவையல்ல. அவை குழுக்களின் பெயர்கள். கேட்க விரும்பும் கணினி, தன் அண்மையிலுள்ள வழிப்படுத்திக் கருவியிடம் 'இன்ன குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்' என்று சொல்லும். அவ்வழிப்படுத்தி தனக்கு மேலுள்ள வழிப்படுத்தியிடம் சொல்லும். இங்ஙனம் கேட்பவரிடமிருந்து சொல்பவரை நோக்கி ஒரு மரம் வளர்கின்றது. சொல்பவருக்கோ தம் குழுவில் எவர் எவர் இருக்கின்றனர் என்பது தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. 1992 மார்ச் மாதத்தில் சன் டியேகோ நகரில் நடைபெற்ற இணையப் பொறியியலாளர் கூட்டத்தின் பேச்சுகள் இம்முறையில் மூன்று கண்டங்களிலுள்ள 20 இடங்களுக்கு அனுப்பப்பட்டபோது, உலகம் ஒரு புதிய வானொலியைக் கண்டது.

சொல்பவருக்குக் கேட்பவரைத் தெரியாது என்பதே இம்முறையின் சிறப்பு. அதுவே அதன் நோயும் ஆகும். தனியொருவருக்கு அனுப்பும் சாதாரண முறையில், செய்தியைப் பெற்ற கணினி 'பெற்றேன்' என்று மறுமொழி விடுக்கும். மறுமொழி வராவிடின் அனுப்பிய கணினி மீண்டும் அனுப்பும். குழுப்பரப்பில் அந்த ஏற்பாடு இல்லை. ஆயிரம் பேர் கேட்கும் இடத்தில் ஆயிரம் பேரும் 'பெற்றேன், பெற்றேன்' என்று கூவத் தொடங்கினால், அம்மறுமொழி வெள்ளத்தில் அனுப்புபவரே அமிழ்ந்துபோவார். ஆகவே 1996இல் வெளியான பிறிதொரு விதிமுறை, கேட்போர் இடையிடையே தம் நிலையை அறிவிக்கலாம் என்றும், ஆனால் எத்தனை பேர் இருப்பினும் அவ்வறிவிப்புகளும் பிற கட்டுப்பாட்டுச் செய்திகளும் சேர்ந்து மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ ஐந்து வீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் வகுத்தது. ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் பேசும் முறை அரிதாகும். வகுப்பில் மாணவர் தொகை பெருகும்போது ஆசிரியர் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கும் தடவை குறைவது போன்றதே இது.

வகுப்பறை உவமை இன்னும் சிறிது தூரம் உதவும். நாற்பது மாணவருக்கு ஆசிரியர் பாடம் சொல்கின்றார். வகுப்பு அமைதியாக இருக்கின்றது. அமைதியைக் கண்டு எல்லோரும் கேட்டுவிட்டனர் என்று எண்ணும் ஆசிரியர் அனுபவமற்றவர். அமைதி என்பது கேட்பவனுக்கும் உறங்குபவனுக்கும் பொது. அதனாற்றான் காலையில் இடாப்பு எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. இடையிடையே பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் வழக்கமும் ஏற்பட்டது.

வலையமைப்பின் இடாப்புக்கு ஆங்கிலத்தில் 'பீக்கன்' என்று பெயர் வைத்தனர். இலங்கைத் தமிழில் வெளிச்சவீடு என்றே அதனை அழைக்கலாம். கொட்டியாரக் குடாவின் வாயிலிலே, பவுல் முனையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வெளிச்சவீடு கட்டப்பட்டது. வெளிச்சவீட்டின் ஒளி சொல்லும் செய்தி எதுவுமில்லை. குறித்த இடைவெளியில் விட்டுவிட்டுத் தெரிவதொன்றே அதன் தொழில். அந்த இடைவெளி தவறாதிருப்பதனாலேயே, ஒளி தெரியாதபோது மாலுமிக்கு ஐயம் பிறக்கின்றது. கரையிலிருந்து வந்த எண்ணிட்ட செய்திகளில் இறுதி எண் தவறினால் தெரியாமற்போன குறைக்கு இதுவே மருந்து. சொல்வதற்கு ஒன்றுமில்லாத வேளையிலும் ஏதேனும் ஒன்றை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருத்தல் வேண்டும். குற்றலை வானொலியைப் பயில்வோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். உலகின் 18 இடங்களில் அவர்கள் அமைத்துள்ள சிறு நிலையங்கள், ஒரே அலைவரிசையில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, தலைக்குப் பத்துச் செக்கனாக முறைவைத்துத் தம் பெயரைக் கூறுமாறு வகுக்கப்பட்டவை. முதலில் 100 வாற்று வலுவிலும், பின்னர் 10, 1, என்று இறங்கி, ஒரு வாற்றின் பத்திலொரு பங்கிலும் அவை குறி எழுப்பும். எத்தனையாவது குறிவரை கேட்டது என்பதைக்கொண்டு வானத்தின் நிலையைக் கணிக்கலாம். அந்தப் பதினெட்டு இடங்களின் அட்டவணையில் இலங்கையும் ஒன்று.

திருகோணமலைக்கு இவ்வகையில் இன்னுமொரு தொடர்பு உண்டு. ஜேர்மனியின் வெளிநாட்டு வானொலியாகிய டொய்ச்ச வெல்ல 1980களில் திருகோணமலைக்கு அருகே ஒரு அஞ்சல் நிலையத்தை நிறுவி ஆசிய நாடுகளுக்கு ஒலிபரப்பியது. பிற்காலத்தில் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அத்தகைய நிலையங்களின் ஒலி எங்கெங்கே, எவ்வளவு தெளிவாகக் கேட்கின்றது என்பதை நிலையத்திலிருந்தபடியே அறிய முடியாது. தொலைவிலுள்ள நேயர்கள் ஒலியின் வலிமை, இரைச்சல், மங்கல் ஆகியவற்றை எண்களாக இட்டு அஞ்சலில் அனுப்பினர். நிலையம் நன்றி கூறி அழகிய அட்டையொன்றை விடுத்தது. அந்த அட்டைகளைச் சேர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. நிலையத்துக்கோ அவர்கள் ஊதியம் பெறாத கண்காணிப்பாளர்கள்.

கணினி வலையமைப்பின் வெளிச்சவீட்டுக்கு வருவோம். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தார் 'அக்ஸஸ் கிரிட்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினர். பல நகரங்களிலுள்ள கூட்ட அறைகளைக் குழுப்பரப்பினால் இணைத்து, எல்லோரும் எல்லோரையும் காணவும் கேட்கவும் செய்வது அதன் நோக்கம். கூட்டம் தொடங்கும் வேளையில், 'எமக்கு இன்னாரின் குரல் வரவில்லை' என்ற முறைப்பாடு ஏதாவதொரு அறையிலிருந்து எழும். பிழை எங்கே என்பது தெரியாது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு நிரல்திட்டத்தை ஓடவிட்டார்கள். அது வரிசை எண்ணும் நேரமும் பொறித்த சிறுபொதிகளைக் குழுவுக்கு இடையறாது அனுப்பும். ஏனைய இடங்களிலிருந்து வருபவற்றை எண்ணும். எத்தனை தவறின, எவ்வளவு தாமதித்தன, முறைபிறழ்ந்தும் இரட்டித்தும் வந்தன எத்தனை என்று கணக்கிடும். எல்லாக் கணக்குகளும் ஓரிடத்திற் சேர்ந்து ஒரு சதுர அட்டவணையாகத் தோன்றும்.

அந்த அட்டவணையை வாசிப்பதே கலை. உதாரணமாக, இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 'லேர்ண்' என்னும் அது 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கி வளர்ந்தது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, திருகோணமலையில் கோணேசபுரியிலுள்ள வளாகம் என ஐந்து இடங்களில் வெளிச்சவீடு ஓடுவதாகக் கற்பனை செய்க. சொல்பவரை நிரையிலும் கேட்பவரை நிரலிலும் எழுதினால் 25 கட்டங்கள் வரும். தன் குரலைத் தானே கேட்கும் ஐந்தையும் நீக்கினால் 20. ஒவ்வொன்றும் 'இவர் சொல்வதை அவர் கேட்கின்றாரா' என்ற தனிக் கேள்வி. இரண்டு இடங்களுக்கிடையே இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கவனித்தல் வேண்டும். அவனுக்கு இவன் குரல் கேட்பதனால் இவனுக்கு அவன் குரல் கேட்கும் என்பது இல்லை. தொலைபேசியிற் பழகிய மனம் இதனை இலகுவில் ஏற்பதில்லை.

திருகோணமலையின் நிரை முழுவதும் வெறுமையாயின், அது பேசுவது எவருக்கும் எட்டவில்லை. பிழை அதன் வாயிலில் இருக்கின்றது. நிரல் முழுவதும் வெறுமையாயின், எவர் பேசுவதும் அதற்கு எட்டவில்லை; குழுவிற் சேர்த்துக்கொள் என்று அது விடுத்த வேண்டுகோளே மேலே போகவில்லை. இரண்டும் வெறுமையாயின், நுட்பமான ஆராய்ச்சிக்கு முன்னர் அங்கே மின்சாரம் இருக்கின்றதா என்று தொலைபேசியிற் கேட்பது நலம். சிரிப்பதற்குச் சொல்வதன்று, பாதி முறைப்பாடுகள் இங்கே தீர்ந்துவிடும். கொழும்பும் பேராதனையும் தம்முள் கேட்டு, ஏனைய மூன்றும் தம்முள் கேட்டு, இவ்விரு கூட்டத்துக்கும் இடையில் ஒன்றும் செல்லாதிருந்தால், இடையிலுள்ள ஒரு வழிப்படுத்தி குழுப்பரப்பை அறியாதது என்று கொள்ளலாம். தாமதம் சூனியத்துக்குக் கீழே காட்டினால், புறப்படுமுன்னரே வந்துசேர்ந்த கடிதம் உலகில் இல்லையாதலால், ஏதோவோர் இடத்தில் மணிக்கூடு பிழை.

கடினமானது ஒற்றைக் கட்டம் வெறுமையாவது. யாழ்ப்பாணத்தின் குரல் எல்லா இடங்களிலும் கேட்கின்றது. திருகோணமலையில் மாத்திரம் கேட்கவில்லை. திருகோணமலைக்கோ ஏனைய மூவர் குரலும் கேட்கின்றது. யாழ்ப்பாணமும் திருகோணமலையைக் கேட்கின்றது. இரு இடங்களுக்கும் இடையே சாதாரணச் செய்தி அனுப்பிப் பார்த்தால் நன்றாகப் போய்வருகின்றது. 'கம்பி நலமாக இருக்கின்றது' என்று கூறிப் பொறுப்பாளர் கைகழுவிவிடுவார். பிழை கம்பியில் இல்லை, காவலில் இருக்கின்றது. குழுப்பரப்பில் ஒரே பொதி சுற்றிச் சுற்றிப் பெருகாமல் இருப்பதற்காக வழிப்படுத்திகள் ஒரு விதியைக் கைக்கொள்கின்றன: சொல்பவரை நோக்கித் தான் செல்வதாயின் எந்த வாயிலாற் செல்லுமோ, அந்த வாயிலால் வந்த பொதியை மாத்திரமே ஏற்கும். வேறு வாயிலால் வந்ததை எறிந்துவிடும். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மூதூருக்குப் போவோர் துறை கடந்தே போக வேண்டியிருந்தது. மூதூரிலிருந்து வருபவர் துறைப்பக்கத்திலிருந்துதான் வருவார் என்று கட்டளை பெற்ற காவற்காரன் ஒருவன் திருகோணமலையில் நின்றான் என்று கொள்க. சுற்றிக்கொண்டு கந்தளாய் வழியாக ஒருவர் வந்து, 'நான் மூதூரிலிருந்து வருகின்றேன்' என்றால், அவன் கதவைத் திறவான். வந்தவர் மெய்யே சொன்னார். காவற்காரனும் தன் கட்டளையையே நிறைவேற்றினான். எங்கும் குற்றமில்லை, ஆயினும் விருந்தாளி வெளியே நிற்கின்றார். போகும் பாதையும் வரும் பாதையும் வேறுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும்வரை அக்கட்டம் நிரம்பாது.

இதனினும் கபடமானது நான்கு நிமிட நோய். ஓர் இடத்தில் எல்லாக் குரலும் தெளிவாகக் கேட்கும்; நான்கு நிமிடம் கடந்ததும் நின்றுவிடும். தொழினுட்பர் வந்து கணினியை நிறுத்தித் தொடக்குவார்; கேட்கும். 'திருத்தப்பட்டது' என்று ஏட்டிற் கையொப்பமிட்டுப் போவார். அவர் படலை தாண்டுவதற்குள் மீண்டும் மௌனம். வைத்தியரைக் கண்டதும் தணிந்து, அவர் போனதும் ஏறும் காய்ச்சல் போன்றது இது. காரணம் யாதெனில், கட்டடத்துக்குள்ளே கம்பிகளைப் பிரிக்கும் சுவிச்சு, எந்தக் கணினி எந்தக் குழுவைக் கேட்டது என்பதை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டு அதற்கு மாத்திரமே வழங்கும். அக்குறிப்பைப் புதுப்பிப்பதற்காக, ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, 'இன்னும் கேட்பவர் உளரோ?' என்று வினவும் கருவி ஒன்று இருத்தல் வேண்டும். வினவும் கருவி இல்லையாயின் எவரும் விடையிறுக்கமாட்டார். வழக்கமான அமைப்பில் 260 செக்கனில் அக்குறிப்பு காலாவதியாகிவிடும். கேட்பவன் போய்விட்டான் என்று சுவிச்சு முடிவு செய்கின்றது. அவனோ காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே இருக்கின்றான்.

வினவுவாரில்லாமையால் வந்த வினை இது. இந்நோயைத் தற்செயலாக ஒருமுறை போய்ப் பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கும் வெளிச்சவீடுதான் காட்டிக்கொடுக்கும்.

விரிவுரையொன்று தடைப்பட்டால் மறுநாளும் நிகழ்த்தலாம். மறுநாள் இல்லாத செய்திகளும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, அக்காலத்து இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், சுமத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. பதினைந்து நிமிடம் செல்வதற்குள் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் தன் முதலறிக்கையை விடுத்துவிட்டது. நிலநடுக்கத்தின் வலிமை அப்போது குறைத்தே மதிக்கப்பட்டிருந்தது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்பதே அவ்வறிக்கையின் செய்தி. அதனைப் பெற்றவை பசிபிக் குழுவிற் சேர்ந்திருந்த நாடுகள். இலங்கை அக்குழுவில் இல்லை. இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு குழுவே இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று கிழக்குக் கரையெங்கும் ஏறியது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. குழுவிற் சேராதவனுக்குச் செய்தி வருவதில்லை. வரவில்லை என்ற அடையாளம் அனுப்பியவனுடைய கருவியில் தோன்றுவதும் இல்லை. கணினிப் பொறியியலாளரின் அட்டவணையில் அது வெறுங்கட்டங்கூட அன்று. அட்டவணையிலே அந்த நிரல் இல்லை.

அதே நாளில், தீவுக்குள்ளேயே நடந்த இன்னொன்றையும் கூறவேண்டும். கடல் ஊருக்குள் வருகின்றது என்ற சேதி கொழும்பில் மருதானையிலுள்ள புகையிரதக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எட்டியதும், கரையோரப் பாதையிற் சென்ற எட்டுப் புகையிரதங்கள் நிறுத்தப்பட்டன. மாத்தறைக்குச் சென்ற ஒன்றை மாத்திரம் நிறுத்த முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்பு விடுக்கப்பட்டது, மணி அடித்தது. நிலையத்திலுள்ள அனைவரும் அந்தப் புகையிரதத்தின் வேலையிலேயே ஈடுபட்டிருந்தமையால், அது புறப்பட்டுப் போனபின்னரே தொலைபேசியை எடுக்க ஆள் கிடைத்தது. பெரலியவில் அலை அதனைப் புரட்டியது. கம்பி நலமாகவே இருந்தது. விடைக்கொடி கயிற்றின் பாதியில் நின்றது.

பின்னர் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. யுனெஸ்கோவின் அரசிடைச் சமுத்திரவியல் ஆணைக்குழு 2005இல் இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை அமைப்பைத் தொடக்கியது. 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் எச்சரிக்கைச் செய்திகளை ஏனைய நாடுகளுக்கு வழங்குகின்றன. இந்தியாவின் நிலையம் ஹைதராபாத்திலுள்ளது. இலங்கையில் அவற்றைப் பெறும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதனை மாவட்டங்களுக்கும் கரையோரத்துக்கும் கொண்டுசெல்கின்றது. கடல் மட்டத்தை அளக்கும் கருவியொன்றும் திருகோணமலையில் நிறுவப்பட்டது. குழுவும் உண்டாயிற்று, அட்டவணையில் நிரலும் உண்டாயிற்று. ஆண்டுக்கு இருமுறை, மூன்று நிலையங்களும் பரீட்சைச் செய்திகளை மின்னஞ்சல், தொலைநகல், குறுஞ்செய்தி முதலிய பல வழிகளால் அனுப்பி, எந்த நாட்டுக்கு, எந்த வழியால், எத்தனை நிமிடத்திற் சேர்ந்தது என்று குறிக்கின்றன. மூன்று நிரை, இருபதுக்கு மேற்பட்ட நிரல். மேலே கூறிய வெளிச்சவீட்டு அட்டவணையின் பெரிய வடிவமே இது.

இந்தப் பரீட்சை நன்று. ஆனால் முன்கூட்டி நாள் குறித்து, அலுவலர் கதிரையில் இருக்கும் வேளையில் நடத்தும் பரீட்சை கம்பியைத்தான் பெரிதும் சோதிக்கின்றது. 2004இல் அலை வந்தது நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். மூன்று விடுமுறை ஒன்றுகூடிய காலை. 'இரண்டாவது நிமிடத்திற் கிடைத்தது' என்று அட்டவணையில் எழுதப்படும் எண், செய்தி கருவியை அடைந்ததைக் கூறுகின்றதா, மனிதன் வாசித்ததைக் கூறுகின்றதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டல் தகும். கரையோரக் கோபுரங்களின் ஒலிபெருக்கிக்கும் இதே கேள்வி உண்டு. கொழும்பில் ஒரு பொத்தானை அழுத்தும்போது சம்பூரில் ஒலி எழுந்ததா என்பதைச் சம்பூரில் நின்ற ஒருவர் சொல்லவேண்டும். அவர் சொல்வது அவர் பேசும் மொழியில் விளங்கியதா என்பதையும் சேர்த்து.

2012 ஏப்ரல் 11ஆந் திகதி பரீட்சையல்லாத பரீட்சை வந்தது. பிற்பகல் இரண்டு மணி எட்டு நிமிடமளவில் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கம். இலங்கையில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் கூட்டங்கூட்டமாக உள்நாடு நோக்கிப் போயினர். இரண்டு மணி நேரங் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. இவ்விரண்டிலும் கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டிலே வழுக்கியமையால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. எச்சரிக்கை எத்தனை காதுகளுக்குப் போயிற்றோ அத்தனை காதுகளுக்கும் நீக்கச் செய்தியும் போகவேண்டும். ஆனால் அக்காதுகள் இப்பொழுது வீட்டில் இல்லை. கோவில் மண்டபத்திலும், பள்ளிவாசலிலும், பாடசாலை மைதானத்திலும், உறவினர் வளவிலும் சிதறி இருக்கின்றன. வீட்டுத் தொலைபேசி வெறும் வீட்டில் அடிக்கும். அன்று மாலை, மின்கலத்தில் ஓடும் சிறு வானொலிப் பெட்டி எவர் கையில் இருந்ததோ அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றிருக்கும்; அப்பெட்டி சொன்னதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லியிருப்பார்.